டிஸ்சார்ஜ் கவுண்டரில் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருந்திருக்கும்

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில், 160 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் தர மேலாளராக இருக்கிறேன். அதற்கு முன் இதே மருத்துவமனையில் பல ஆண்டுகள் வார்டு இன்சார்ஜாக இருந்தவள். நோயாளிகள் வீடு திரும்பும்போது பில்லிங் கவுண்டரில் டேப்லெட்டை நீட்டி, ஐந்து முகக்குறிகளில் ஒன்றைத் தொடச் சொல்கிறோம். மாதச் சராசரி 4.7-க்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் இணையத்தில் எழுதுகிறவர்கள், இரவில் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, டிஸ்சார்ஜுக்கு அரை நாள் காக்க வைக்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். இப்போது நிர்வாகம், நோயாளி உள்ளே இருக்கும்போதே கருத்துக் கேட்கும் மென்பொருள் ஒன்றை வாங்கவும், வார்டு வாரியாகக் கிடைக்கும் மதிப்பெண்ணை ஊழியர்களின் ஆண்டு ஊதிய உயர்வோடு இணைக்கவும் நினைக்கிறது. சிஸ்டர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். "ராத்திரி முப்பது பேருக்கு ரெண்டு பேர் நிக்கிறோம், இதுல மார்க் வேறயா மேடம்?" என்கிறார்கள். நான் நிர்வாகத்திடம் என்ன சொல்லட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. 4.7 என்ற எண்ணை நம்பலாமா, வார்டில் இருக்கும்போதே கருத்துக் கேட்பதால் பயன் உண்டா, அதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடலாமா? முதலாவதை நம்ப வேண்டாம்; மூன்றாவதைச் செய்யவே வேண்டாம். இரண்டாவதற்குப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன், நோயாளி சொன்னது எத்தனை மணி நேரத்தில் யார் காதுக்குப் போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறதே தவிர, மென்பொருளின் விலையில் இல்லை.

உங்கள் கவுண்டரில் அந்த டேப்லெட் எப்படிக் கைமாறுகிறது என்பதை ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். பெரும்பாலும் அதைத் தொடுவது நோயாளியே அல்ல. பில் கட்ட வந்த மகனோ மருமகளோ, இரவு வார்டில் தங்கியே இராத ஒரு சித்தப்பாவோதான் தொடுகிறார். கவுண்டரில் இருப்பவர் டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சிரிக்கும் முகத்தைத் தவிர வேறொன்றைத் தொடுவதற்கு நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. கண் எதிரே நிற்பவரைக் குறை சொல்லக் கூடாது என்ற தாட்சண்யம் ஒரு பக்கம். அடுத்த வாரம் தையல் பிரிக்க இங்கேதான் வரவேண்டும் என்ற கவலை மறுபக்கம். பிழைத்து வீட்டுக்குப் போகிறோம் என்ற நிம்மதியும் அந்தத் தொடுதலில் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் கலந்த ஓர் எண்ணிலிருந்து மூன்றாம் நாள் இரவு எட்டாம் எண் கட்டிலில் என்ன நடந்தது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

மேலிடத்தின் மதிப்பீடு நன்றாக இருக்கும்போதே ஒரு மருத்துவமனை எவ்வளவு தூரம் சரிய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை ஓர் உதாரணம். 2005-க்கும் 2009-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே அழைப்பு மணிக்குப் பதில் கிடைக்காமலும், தண்ணீர் கைக்கு எட்டாமலும், நனைந்த விரிப்பிலேயே கிடந்தும் முதியவர்கள் பட்ட பாட்டை உறவினர்கள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதே காலத்தில், 2008-ல், நன்றாக நடத்தப்படும் அமைப்புகளுக்கு அளிக்கப்படும் கூடுதல் தன்னாட்சித் தகுதியை அந்த மருத்துவமனையின் நிர்வாகம் பெற்றது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் 290 பரிந்துரைகளில் ஒன்று, நோயாளிகள் சொல்வதை, அவர்களுடைய சொற்களோடு சேர்த்து, இயன்றவரை உடனுக்குடன் கிடைக்கச் செய்ய வேண்டும், பின்னால் எண்களைத் திருத்த நேர்ந்தாலும் பரவாயில்லை என்பது. துல்லியத்துக்காகக் காத்திருந்து காலம் கடத்துவதைவிட, கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் இன்றே தெரிந்துகொள்வது மேல் என்ற அந்தத் தீர்ப்பை உங்கள் நிர்வாகத்துக்கு அப்படியே எடுத்துச் சொல்லலாம்.

அதன் பிறகு அந்நாட்டில் ஆறு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் முதியோர் வார்டுகளிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்னார்வலர்கள் கையில் டேப்லெட்டோடு நோயாளியின் அருகிலேயே சென்று கேட்டார்கள். பதில்கள் ஊழியர்களுக்குத் தொடர்ந்து காட்டப்பட்டன. கனிவாகப் பேசுவது, காது கொடுத்துக் கேட்பது போன்ற அம்சங்களில் முன்னேற்றம் தெரிந்தது என்று 2018-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. முன்னேற்றம் சிறியது. மென்பொருள் விற்பவர் உங்கள் நிர்வாக இயக்குநரின் அறையில் காட்டப்போகும் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறும். அதை நம்பி நீங்கள் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இனி, எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். உழைப்பில் பெரும் பகுதியை நீங்கள் இங்கேதான் செலவிட வேண்டும். "எல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டால், "நல்லா பாத்துக்கிறாங்க" என்ற பதில் வரும். அதே அம்மாளிடம், "நேத்து ராத்திரி பெல் அடிச்சீங்களா? அடிச்சப்புறம் யாராவது வந்தாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பெல் எங்கேப்பா எட்டுது? கட்டிலுக்குப் பின்னாடி தொங்குது. பக்கத்துக் கட்டில் பையனைத்தான் எழுப்பினேன்" என்பார். முதல் கேள்வி அவரிடம் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது. அவர் மரியாதையாக நழுவிவிடுகிறார். இரண்டாவது கேள்வி நடந்ததைச் சொல்லச் சொல்கிறது. நடந்ததைச் சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை, ஏனெனில் அதில் யாரையும் குறை சொல்வதாக அவர் நினைப்பதில்லை. இத்தனைக்கும், மணியின் கம்பியைக் கட்டில் சட்டத்தில் சேர்த்துக் கட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அமெரிக்காவில் மருத்துவமனை வாரியாக 2008 முதல் முடிவுகள் வெளியிடப்படும் தேசிய நோயாளி அனுபவக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் இந்த வழியில்தான் கேட்கிறது. செவிலியர்கள் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார்கள், இரவில் அறையைச் சுற்றி எத்தனை முறை அமைதியாக இருந்தது என்று கேட்டு, ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும் என்று நான்கு விடைகளைத் தருகிறது. அதில் 'எப்போதும்' என்ற விடைக்கே முதல் மதிப்பு. 'பெரும்பாலும்' என்பது அதோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. அந்தக் கணக்கெடுப்பு, நோயாளி வீடு திரும்பி 48 மணி நேரம் கழிந்த பிறகே, ஆறு வாரங்களுக்குள் தொடங்கப்படுகிறது. மருத்துவமனைகளை ஒப்பிடுவதற்கு அது பொருத்தம். இன்று கட்டிலில் படுத்திருப்பவரின் சிரமத்தைத் தீர்ப்பதற்கு அதனால் ஆவதொன்றும் இல்லை. கேள்வி கேட்கும் முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், காலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் வார்டுகளுக்கு ஐந்தாறு கேள்விகள் போதும். நேற்று இரவு கூப்பிட்டபோது யாராவது வந்தார்களா? வலி இருக்கிறதா என்று இன்று யாராவது கேட்டார்களா? இன்றைக்கு என்ன பரிசோதனை, எதற்காக என்று உங்களுக்குச் சொன்னார்களா? புதிதாகக் கொடுத்த மாத்திரை எதற்கு என்று தெரியுமா? டிரிப்ஸ் போட்ட இடம் வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா? கழிப்பறைக்குப் போக உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? இவற்றில் டிரிப்ஸ் பற்றிய கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நரம்பு ஊசி போட்ட இடம் சிவந்து தடிப்பதை முதலில் உணர்பவர் நோயாளிதான். அதை அவர் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படலாம். கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அந்த ஒரு கேள்வியில் அனுபவமும் பாதுகாப்பும் ஒன்றாகிவிடுகின்றன. கடைசியில், "உங்களுக்கு இப்ப மனசுல உறுத்துற ஒண்ணு என்ன?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைத் திருத்தி அலுவலக மொழியாக்கிவிடாதீர்கள். 'துப்புரவு திருப்திகரமாக இல்லை' என்ற வரி யாரையும் அசைக்காது. 'பாத்ரூம்ல தண்ணி தேங்குது, வழுக்கி விழுந்துருவோம்னு ராத்திரி முழுக்க அடக்கிக்கிட்டு இருந்தேன்' என்ற வரி, மதியத்துக்குள் பிளம்பரை வரவழைக்கும்.

யார் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. அந்த வார்டின் சிஸ்டர் கேட்கக் கூடாது. உங்கள் நர்சிங் கல்லூரி மாணவியும் கூடாது, ஏனெனில் அந்த வார்டு இன்சார்ஜ்தான் நாளை அவருக்கு மதிப்பெண் போடப் போகிறவர். சீருடை அணியாத, ஆட்டிப் படைக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர், கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். மக்கள் தொடர்புப் பிரிவில் பக்குவமாகப் பேசத் தெரிந்த ஒருவரோ, ஓய்வுபெற்ற ஆசிரியை போன்ற தன்னார்வலரோ போதும். பார்வை நேரத்துக்கு முன்பாகக் கேட்பது நல்லது. உறவினர்கள் சூழ்ந்திருக்கும்போது நோயாளி பேசமாட்டார், மற்றவர்களே பேசுவார்கள். பிரசவ வார்டில் மாமியார் அருகில் இருந்தால் கேட்கவே வேண்டாம், பிறகு வாருங்கள். பேச முடியாதவர்களுக்கும் நினைவு தப்பியவர்களுக்கும் கூட இருப்பவரிடம் கேட்டு, அது அவருடைய பதில் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலைக்கும் அரிசி ஆலை வேலைக்கும் வந்து படுத்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எந்த டேப்லெட்டிலும் சிக்குவதில்லை. இந்தி தெரிந்த ஊழியர் ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது அவர்களிடம் அனுப்புங்கள். தமிழ் நோயாளிகளிடம் வராத தகவல்கள் அங்கே வரக்கூடும்.

கேட்ட பிறகு அது திரும்பிப் போகும் பாதைதான் திட்டத்தின் உயிர். காலை பத்து மணிக்குக் கேட்டு முடித்தால், பகல் பன்னிரண்டுக்குள் வார்டு இன்சார்ஜிடம் அது போக வேண்டும். அதிலும் வலி, வீக்கம், மருந்து தவறியது, விழுந்துவிடும் பயம் போன்றவற்றுக்குப் பன்னிரண்டு மணி வரைகூடக் காத்திருக்கக் கூடாது. கேட்டவர் எழுந்து நேராக நர்சிங் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர், விரிப்பு, விசிறி, சாப்பாடு போன்றவை அன்று மாலைக்குள் தீர வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் நோயாளியின் ரத்த அழுத்தத்தோடு இதையும் ஒரு வரியாகச் சொல்லச் செய்யுங்கள். இரவுப் பணிக்கு வருபவர், 'எட்டாம் நம்பர் அம்மாவுக்குப் பெல் எட்டவில்லையாம், மாற்றிக் கட்டியாயிற்று' என்று கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவதற்கும், மாத இறுதிக் கூட்டத்தில் வண்ண வட்டப் படத்தைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம், வார்டு இன்சார்ஜுக்கு அதிகாரம் இல்லாமல் தகவலை மட்டும் கொட்டினால் அவர் நொந்துபோவார். பராமரிப்புப் பிரிவை நேரடியாக அழைக்கவும், கட்டிலை மாற்றவும், சில்லறைச் செலவு செய்யவும் அவருக்கு எழுத்துபூர்வமான அனுமதியை முதலில் வாங்கிக் கொடுங்கள்.

பணம் கேட்டார்கள், தகாத முறையில் தொட்டார்கள், தவறான ஊசி போட்டார்கள் என்பன போன்ற புகார்களை இந்தப் பாதையில் அனுப்பவே கூடாது. அவற்றுக்கு முறையான விசாரணை உண்டு. கேட்பவர் அந்த இடத்திலேயே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாமதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் உங்களைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் திட்டுகிறார்கள் என்று ஊகிக்கிறேன். காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸில் டாக்டர், "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி சேலை மாற்றி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். கையில் நரம்பு ஊசி இன்னும் இருக்கிறது. மகன் பில்லிங்குக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் பார்மசிக்கும் ஏறி இறங்குகிறார். மதியச் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டுவிட்டதால் சாப்பாடும் இல்லை. "அப்ரூவல் வரல" என்ற ஒரே பதில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மருத்துவமனையிடமிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதலைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு. டாக்டர் சொன்ன ஒன்பதரைக்கும் கோரிக்கை அனுப்பப்பட்ட நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்ற சிகிச்சைச் சுருக்கம் தட்டச்சாகாமல், டூட்டி டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திருந்து, திருப்பி அனுப்பிய மருந்துக்குப் பார்மசி வரவு வைக்காமல் போன நேரம் முழுவதும் உங்களுடையது. நாளை வீடு திரும்பப் போகிறவர் யார் என்பது பெரும்பாலும் முந்தின நாள் மாலையே தெரியும். அவர்களிடம் மட்டும் அன்று மாலை, "எப்போது கிளம்பலாம் என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டாலே, சம்மரி இன்னும் தொடங்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

எண்களைப் பற்றி நிர்வாகம் கேட்கும். முப்பது கட்டில் வார்டில் வாரத்துக்கு எட்டுப் பேரிடம் கேட்டால், ஒருவரின் பதில் மாறினாலே 12.5 சதவீதம் ஏறி இறங்கும். 'இந்த வாரம் 75, போன வாரம் 87.5, ஏன் குறைந்தது?' என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பது வீண். 'எப்போதும்' அல்லது 'ஆம்' என்ற பதில்களின் விழுக்காட்டை வாராவாரம் ஒரு வரைபடத்தாளில் புள்ளியாக வைத்து, நடு எண்ணை ஒரு கோடாகப் போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குக் குறைந்த ஏற்ற இறக்கத்துக்கு யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். வார்டுக்கு வார்டு ஒப்பிடுவதும் கூடாது. எலும்பு முறிவு வார்டின் வலியும் கண் அறுவை வார்டின் வலியும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் எல்லா உள்நோயாளிகளிடமும் கேட்கப்படும் பொதுக் கருத்துக் கேள்வியின் முடிவுகளைக்கூட, திரட்டும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் மருத்துவமனைகளை ஒப்பிடப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் மத்திய அரசு 2016-ல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' திட்டம் குறுஞ்செய்தி, தானியங்கி அழைப்பு, செயலி, இணையதளம் ஆகியவற்றின் வழியாகக் கருத்துக் கேட்கிறது. திருப்தி இல்லை என்றால் என்ன காரணம் என்றும் கேட்கிறது. மருத்துவமனையை விட்டு வெளியேறியவரிடம் கேட்பதற்கு அது சரியான வழி. அதைப் போன்ற குறுஞ்செய்தியை நீங்களும், வீடு திரும்பி மூன்று நாள் கழித்து அனுப்பலாம். கவுண்டர் டேப்லெட்டுக்குக் கிடைக்காத உண்மை அதற்குக் கிடைக்கும், சராசரி 4.7-லிருந்து இறங்கினால் நிர்வாகம் பதறக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி ஊதிய உயர்வு. இணைத்த மறுநாளே என்ன நடக்கும் என்பதை வார்டு இன்சார்ஜாக இருந்த நீங்கள் எளிதில் சொல்லிவிடுவீர்கள். முகம் சுளிக்கும் நோயாளியின் கட்டிலுக்குக் கேள்வி கேட்பவர் போகாதபடி பார்த்துக்கொள்வார்கள். "நல்லதா சொல்லுங்கம்மா, எங்க சம்பளம் இதுலதான் இருக்கு" என்று கெஞ்சுவார்கள். வலி மாத்திரைக்கும் தூக்க மாத்திரைக்கும் டாக்டரிடம் வற்புறுத்தல் கூடும். எண் ஏறும்; தகவல் செத்துப்போகும். சிஸ்டர்களின் கோபத்தை நிர்வாகம் எதிர்ப்பாகப் பார்க்கிறது. நான் அதைத் தகவலாகவே பார்க்கிறேன். முப்பது பேருக்கு இருவர் என்ற ஏற்பாட்டில் அழைப்புக்கு எவ்வளவு நேரத்தில் போக முடிகிறது என்பது இதுவரை யாரும் அளக்காத ஒன்று. இரவு கூப்பிட்டும் வரவில்லை என்ற பதில்களை மணி வாரியாகப் பிரித்தால், அவை பெரும்பாலும் புது அட்மிஷன் வரும் நேரத்திலோ அதிகாலை ரத்தம் எடுக்கும் நேரத்திலோ குவிந்திருக்கக் கூடும். அப்படிக் குவிந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் ஆளை நிறுத்த நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது உங்களுக்கு எளிதாகும். நோயாளியின் பேச்சு தங்களுக்கு ஆள் பெற்றுத் தந்தது என்று கண்டுவிட்டால், சிஸ்டர்கள் பிறகு தாங்களே, "இன்னைக்கு எங்க வார்டுல கேக்கலையா?" என்பார்கள். பாராட்டுகளையும் பெயரோடு அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். ஆயாவுக்குப் போகும் பாராட்டை முதலில் சேருங்கள்; அவரை யாரும் எழுத்தில் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். ஒரே ஒரு வார்டைத் தேர்ந்தெடுங்கள். இன்சார்ஜ் மனமுவந்து ஒத்துக்கொள்ளும் வார்டாக இருக்கட்டும், மதிப்பெண் மோசமான வார்டாக இருக்க வேண்டாம். அச்சிட்ட ஒரு தாளும் பேனாவும் கொண்டு மூன்று மாதம் நடத்துங்கள். ஒவ்வொரு பதிலுக்கு எதிரிலும் யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்ற இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். தாளில் நோயாளியின் பெயர் வேண்டாம், கட்டில் எண் போதும். சிக்கல் தீர்ந்ததும் அதையும் நீக்கிவிட்டே கோப்பில் சேருங்கள். பின்னால் கைபேசி எண்ணைக் கொண்டு குறுஞ்செய்தி அனுப்பப் போகிறீர்கள் என்றால், அட்மிஷன் படிவத்திலேயே அதற்குத் தனியாகச் சம்மதம் பெறுங்கள்; 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக எண்ணைக் கேட்கிறோம் என்று சொல்லியே வாங்கச் சொல்கிறது. தரச் சான்றுக்கான ஆய்வாளர்கள் வந்தால் இந்தத் தாள்களையே காட்டலாம். அவர்கள் பார்க்க விரும்புவது கருத்து கேட்கப்பட்டதையும் அதன் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதையும்தான்.

நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும்போது விளக்கப்படம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். அதற்கு முந்தைய நாள் காலை ஒரு வார்டில் பத்துப் பேரிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, பதில்களை அவர்கள் சொற்களிலேயே ஒரு பக்கத்தில் எழுதி, எவை அன்று மாலைக்குள் தீர்ந்தன, எவற்றுக்கு நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும் என்று பிரித்து எடுத்துப் போங்கள். 4.7 அச்சிட்ட மாத அறிக்கையை அதன் பக்கத்தில் வையுங்கள். ஊதிய உயர்வு பற்றிய பேச்சை அவர்கள் தொடங்குவதற்கு முன்பே, கையெழுத்து வேண்டிய அந்தப் பட்டியலை முதலில் முடித்துத் தருமாறு கேளுங்கள்.